ஒரு கூரையின் கணக்கு: ஆரணித் தறியும் பெருநகர வாடகையும்

ஆரணியில் பட்டு முதலாளிகளிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வந்து விழும் வாக்கியம், "தறி இருக்கு, ஆள் இல்லை." ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் மின்கம்பம் தவறாமல் "ஆட்கள் தேவை" நோட்டீஸ். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டர் அளவுதான் தூரம். தறியை விட்டு எழுந்தவர்கள் எல்லாம் ஆலைக்குப் போய் நிலைத்திருந்தால் அங்கே நோட்டீஸ் ஒட்ட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஆலை பிடிக்காமல் ஊர் திரும்பியிருந்தால் இங்கே தறி காலியாகக் கிடக்காது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆள் இல்லை என்றால், இடையில் எங்கோ ஆளை விழுங்கும் பள்ளம் ஒன்று இருக்கிறது.

சம்பளம் கிடைக்கும் இடத்தில் குடியிருக்க முடியவில்லை, குடியிருக்க வீடு உள்ள இடத்தில் சம்பளம் போதவில்லை. அந்தப் பள்ளம் இதுதான். வளரும் நகரங்களின் ஆள் பற்றாக்குறையும் வீட்டு வாடகை உயர்வும் தனித்தனிச் செய்திகளாகவே பேசப்படுகின்றன. ஆரணியிலிருந்து பார்த்தால் அவை ஒரே கணக்கின் வரவும் செலவும்.

வீடே பட்டறை

கமண்டல நாக நதிக் கரையில் உள்ள ஆரணி, வட ஆர்க்காட்டிலிருந்து 1989இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் இரண்டு பொருளால் தெரியும்: ஒன்று அரிசி, மற்றது பட்டு. நகரத்தில் மட்டும் நெசவு நடப்பதில்லை. ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுக் கிராமங்களிலும் தறிச் சத்தம் உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த, விலையும் கைக்கு எட்டுகிற சேலை என்று ஆரணிப் பட்டுக்குப் பெயர். புவிசார் குறியீடும் அதற்கு இருக்கிறது. ஆனாலும் ஆரணிப் பக்கத்தில் நெய்த சேலை வேறு ஊர்ப் பெயரில் கடைக் கண்ணாடிக்குள் உட்காருவது தொழிலில் உள்ள எவருக்கும் புதிய செய்தி இல்லை.

பெரும்பாலானவர்கள் செய்வது கூலி நெசவு. பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை, அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையவை. நெசவாளி தருவது உழைப்பு என்று சொல்வது வழக்கம். அவர் தரும் இன்னொன்று கணக்கில் ஏறுவதே இல்லை: இடம். குழித்தறி இறங்குவது அவர் வீட்டுக் கூடத்தில். ஜக்கார்டு பெட்டி ஏறுவது அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே. தார் சுற்றுவது திண்ணையில். பாவை நீட்டிப் பிடித்துச் சீராக்க வேண்டுமானால் தெரு நெடுகவும் வேண்டும். நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் அமைந்ததில் அழகுக்கு இணையாக வேலையின் தேவையும் இருந்தது.

ஆலை முதலாளி நிலம் வாங்கி, கொட்டகை போட்டு, மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். பட்டு முதலாளிக்கு அந்தச் செலவு இல்லை. நெசவாளியின் தாத்தா கட்டிய வீடே கொட்டகை. வீட்டு வாடகை இல்லை, பஸ் கட்டணம் இல்லை, மனைவியும் தாயும் செய்யும் துணைவேலைக்குத் தனிக் கூலி இல்லை. குறைந்த கூலியில் இந்தத் தொழில் இத்தனை காலம் ஓடியதன் இரகசியம் இதுதான். சேலையின் விலைச் சீட்டில் காணாத ஒரு மானியத்தை அந்த ஓட்டுவீடு கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆள் குறைந்த வழிகள்

நாட்டின் கைத்தறிக் கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்தால் சரிவு தெளிவாகத் தெரியும். 1987-88இல் 67.39 இலட்சம் பேர் இத்தொழிலில் இருந்தார்கள். 1995-96இல் 65.51 இலட்சம், 2009-10இல் 43.31 இலட்சம், 2019-20இல் 35.22 இலட்சம். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கிலும் உண்மை இருக்கிறது, ஆனால் எதுவும் தனியாக முழுக் கதையைச் சொல்லாது.

முதல் காரணம் பள்ளிக்கூடம். கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவை வீச ஒரு துணையாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் பிள்ளைகள் உட்கார்ந்ததும் உண்டு. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், மாவட்டங்களில் நடந்த மீட்புத் திட்டங்கள், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை என்று பல பக்கமும் நெருக்கியதில் அந்தச் சிறுவன் பள்ளிக்குப் போனான். "ஆள் இல்லை" என்ற புலம்பலில் ஒரு பங்கு, பிள்ளைகளை வைத்து இனி வேலை வாங்க முடியாது என்பதன் மறுவடிவம். அந்தப் பங்குக்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் சிறுவன் எழுந்த இடத்தில் கூலி கொடுத்துப் பெரியவரை உட்காரவைக்கும் கணக்கை யாரும் போடவில்லை. பல வீடுகளில் மனைவி உட்கார்ந்தார், மற்ற வீடுகளில் தறியே நின்றது.

இரண்டாவது கூலி. 2019-20 கணக்கெடுப்பின்படி நெசவுக் குடும்பங்களில் 66.3 சதவீதம் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுபவை. இது நாடு முழுவதற்குமான எண். பருத்தித் துண்டு நெய்பவரும் பகுதிநேரமாக நெய்பவரும் இதில் அடக்கம். பட்டு நெசவில் கூலி இதைவிட மேல்தான். ஆனாலும் பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை சும்மா இருக்கும் நாட்களுக்குக் கூலி இல்லை, மழையில் நூல் ஈரம் கோத்தால் வேலை இல்லை, கண் மங்கினால் ஓய்வூதியமாகப் பெரிதாக ஒன்றுமில்லை.

மூன்றாவது விசைத்தறி. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில இரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 இரகங்கள், பின்னர் 11. கரை போட்ட பட்டுச் சேலை அந்தப் பட்டியலில் இன்றும் உண்டு. சட்டம் காகிதத்தில் இருக்க, விசைத்தறியில் ஓட்டிய சேலை கைத்தறி விலைக்குக் கீழே சந்தையில் நிற்கிறது. கைத்தறிக் கூலி மேலே போக முடியாதபடி அது தலையில் தட்டுகிறது.

நான்காவது மதிப்பு. "தறிக்காரப் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்பது நெசவாளர் தெருக்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., அடையாள அட்டை, மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை வேண்டும். நெசவாளிக்குச் சொல்ல ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதுவும் பெண் வீட்டாருக்குப் பிடிக்காத வார்த்தை.

இந்த நான்கும் ஆரணி ஏன் காலியாகிறது என்பதை விளக்குகின்றன. ஆலைப் பகுதி ஏன் நிரம்பவில்லை என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. மக்கள்தொகையே குறைகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இளைஞர் கூட்டம் சுருங்குகிறது என்பது மெய். அது பற்றாக்குறைக்கு அடித்தளம் போடுகிறது. இருக்கிற இளைஞர்களும் ஆலையில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நிலைக்காததற்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

சம்பளத்தை விழுங்கும் வாடகை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காலூன்றியது 1990களின் பிற்பகுதியில். 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யத் தொடங்கியது, 2014இல் மூடியது. பிறகு பாக்ஸ்கான் முதலியவை அந்த இடத்தை நிரப்பின. ஆரணிக்கு இன்னும் பக்கத்தில், செய்யாறு சிப்காட்டில், தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைகள் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தந்தன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2024-25இல் மாநிலப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. பெருமைப்பட வேண்டிய எண்கள்தான்.

அந்த வளர்ச்சி ஆலைக்கு நிலம் தேடியது, சாலை தேடியது, மின்சாரம் தேடியது. ஆளுக்கு வீடு தேடவில்லை. சிப்காட் 1971இல் தொடங்கியது முதல் தொழில்மனை வகுப்பதில் தேர்ந்த நிறுவனம். குடியிருப்பு மனை வகுப்பது அதன் வேலையாக நெடுங்காலம் கருதப்படவில்லை. சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள், சந்தையும் தன் வழியில் பார்த்துக்கொண்டது. ஆலை வட்டாரத்து விவசாயி நெல்வயலை விற்ற பணத்தில் வரிசை அறைகள் கட்டினார். ஓர் அறையில் நாலு பேர், ஆறு பேர். குடும்பமாகக் குடியேற வேண்டுமானால் முன்பணமே முதல் சுவர். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டம், அதாவது 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கும் இடம் கொடுக்கிறது. வீடு தேடி நிற்பவர் ஒப்பந்தத்தில் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்?

2021 டிசம்பரில் ஒரு சம்பவம் இந்த நிலையை உலகுக்குக் காட்டியது. பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரங்கள் நின்றது. அங்கே தன் செல்போன்களைச் செய்விக்கும் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தது சம்பள உயர்வு கேட்டல்ல. அவர்களைச் சாலைக்கு இழுத்தது படுக்கையும் சோறும் தண்ணீரும்.

அதன் பிறகு அரசு விழித்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நாட்டில் இந்த அளவில் இது முன்னோடி. பாராட்டத்தக்க முயற்சிதான், ஆனால் அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். மொத்தச் செலவைப் படுக்கைகளால் வகுத்தால் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3.77 இலட்சம் ரூபாய் வருகிறது. அதே ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் கிராமத்தில் சொந்த மனையில் 360 சதுர அடி வீடு கட்ட அரசு தருவது 3.50 இலட்சம். பெருநகர் ஓரத்தில் ஒரு கட்டிலின் விலைக்குள் கிராமத்தில் ஒரு வீடு அடங்கிவிடுகிறது. ஆலைகள் தம் ஆளுக்கு வீடு கட்டத் தயங்குவது ஏன் என்பதும் இந்த எண்ணிலேயே தெரிகிறது.

இரண்டு பக்கமும் தாங்கும் வீடு

அப்படியானால் சம்பளத்துக்கும் குடியிருக்கும் செலவுக்கும் இடையிலான வேறுபாட்டை இதுவரை யார் ஈடுகட்டினார்கள்? ஆரணி வீடுதான்.

விடுதிக் கட்டிலில் தங்கும் பெண்ணுக்கு வயது பத்தொன்பது, இருபது. கல்யாணமானால் அந்தக் கட்டிலில் இடமில்லை. பிள்ளைப்பேறு, காய்ச்சல், வேலை நின்றுபோன மாதங்கள், அப்பாவின் முதுமை எல்லாம் ஊர் வீட்டில்தான் நடக்கின்றன. ஆலை தருவது ஒற்றை ஆளுக்கான சம்பளம். குடும்பத்துக்கான செலவை ஏற்பது ஊர். மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று பாக்ஸ்கான் பற்றி 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. எவர் சொல்வது சரியானாலும், கட்டிலை நம்பி நடக்கும் தொழிலுக்குக் குடும்பம் இடைஞ்சலாகவே தெரியும். இரண்டு மூன்று ஆண்டில் பெண்கள் விலகுவதை "நிலைத்து நிற்பதில்லை" என்று குறை சொல்கிறார்கள். நிலைத்து நிற்க அங்கே ஒரு வாசல்படி இல்லை என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு வழி, ஊரிலேயே இருந்துகொண்டு போய்வருவது. ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களில் இருட்டு பிரியுமுன் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றுகின்றன. வாடகையைப் பணமாகக் கட்டாமல் தூக்கமாகக் கட்டும் ஏற்பாடு இது. இரயில் இருந்தால் பாதி வலி குறையும். ஆரணி ரோடு என்று பெயர் கொண்ட இரயில் நிலையமே ஊருக்கு வெளியே களம்பூரில்தான் இருக்கிறது. ஆரணி வழியாகச் செல்ல வேண்டிய திண்டிவனம்-நகரி பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. ஊருக்கு இன்னும் வண்டி வரவில்லை.

ஆக, நேற்று பட்டுச் சேலையின் விலையைத் தாங்கிய அதே வீடு இன்று செல்போனின் விலையையும் காலணியின் விலையையும் தாங்குகிறது. இரண்டு தொழிலும் அந்த வீட்டுக்கு எதுவும் கட்டுவதில்லை.

அந்த வீட்டின் நிலையும் உறுதியாக இல்லை. நகரத்தில் சம்பாதித்தவர்கள் ஊர் ஓரத்தில் மனை வாங்குகிறார்கள், வயல்களில் வண்ணக் கற்கள் நடப்படுகின்றன. 2017இல் 33 சதவீதம் குறைக்கப்பட்ட அரசின் வழிகாட்டி மதிப்பு 2023இல் பழைய அளவுக்கே உயர்த்தப்பட்டது. சந்தை விலையோ அதற்கு முன்பே தன் வழியில் ஏறியிருந்தது. நெசவாளி வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது கூடமும் இரண்டாகிறது. குறுக்கே சுவர் எழுந்தால் தறி எடுத்தாக வேண்டும். வாடகைக்குப் போகலாம் என்றால் வீட்டுக்காரர் தரையில் குழி தோண்ட விடமாட்டார். மாடி வீட்டிலோ குழிக்கே வழியில்லை. தெருவில் பாவு நீட்ட இரு சக்கர வாகனங்கள் இடம் கொடுப்பதில்லை. ஒரு நெசவாளி வீட்டை இழந்தால் பட்டறையும் சேர்ந்து போகிறது.

நிலத்தின் பக்கத்திலும் நெருக்கடி உண்டு. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா வட்டாரத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் 2023இல் மாதக்கணக்கில் போராடினார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அவர்களில் ஆறு பேர் மீதான அந்த நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது. வேலை வேண்டும் என்று கேட்கும் ஊர்களே நிலம் தரமாட்டோம் என்றும் சொல்வதில் முரண் இல்லை. தங்களைத் தாங்கும் கடைசித் தூண் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிற ஊர்கள் சொல்வது

இந்தக் கணக்கைப் பழைய முதலாளிகள் அறிந்திருந்தார்கள். சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தன் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டியது. நெய்வேலியில் சுரங்கத்தோடு நகரியமும் எழுந்தது. ஆள் நிலைக்க வேண்டுமானால் வீடு வேண்டும் என்பதைத் தர்மமாகப் பார்க்கவில்லை, உற்பத்திச் செலவாகப் பார்த்தார்கள். அதன் மறுபக்கம் கசப்பானது. வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தால் வேலைநிறுத்தம் செய்பவர் கூரையையும் பணயம் வைக்க வேண்டும். முதலாளி கட்டும் வீடு மட்டுமே தீர்வு என்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசு கட்டினால் எங்கே கட்டுகிறது என்பது கேள்வி. சென்னைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனபோது வீடு கிடைத்தது, வேலை தூரப் போனது. சிங்கப்பூர் 1960இல் வீட்டு வாரியம் அமைத்து, இன்று தன் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பெரும்பாலோரை அதன் வீடுகளில் குடியமர்த்தியிருக்கிறது. அதே ஊரில் தமிழ்நாட்டிலிருந்து போன கட்டுமானத் தொழிலாளிகள் நெரிசலான விடுதிகளில் தங்கியிருந்ததும், 2020இல் கொரோனா அங்கே முதலில் காட்டுத்தீயாகப் பரவியதும் உண்மை. வீடு குடிமகனுக்கு, கட்டில் கூலிக்காரனுக்கு என்ற பிரிவினை நமக்கும் அறிமுகமானதுதான்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சாங்-தாய் ஷியே, என்ரிகோ மொரெட்டி இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் வீடு கட்டத் தடைகள் கூடியதால் தொழிலாளர்கள் அங்கே போக முடியாமல் நாட்டின் வளர்ச்சியே குறைந்தது என்று வாதிட்டது. அவர்கள் சொன்ன அளவைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். திசையைப் பெரிதாக மறுக்கவில்லை. இந்தியாவில் சிக்கல் இன்னும் விசித்திரமானது. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாயினருக்கும் உரியது. அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட நகர வீடுகள் பூட்டிக் கிடந்தன. முதலீடாக வாங்கிய வீட்டில் குடியிருக்க ஆள் தேவைப்படுவதில்லை.

தீர்வுகளின் பயனும் எல்லையும்

கைத்தறிக்கு உதவி இல்லை என்று சொல்ல முடியாது. 1980களிலேயே மத்திய அரசு நெசவாளருக்கு வீட்டோடு சேர்ந்த தறிக்கூடம் கட்டும் திட்டம் கொண்டுவந்தது. இன்று தனித் தறிக்கூடத்துக்கு 1.20 இலட்சம் ரூபாய் அளவில் உதவி உண்டு. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். இவற்றில் தறிக்கூட உதவி சரியான இடத்தைத் தொடுகிறது, ஆனால் சொந்த மனை உள்ளவருக்கே பயன்படும். கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் தறியை இறக்கினால் குடும்பம் எங்கே படுக்கும் என்று வரைபடம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. நெசவாளருக்கு ஒதுக்கும் வீட்டில் ஒரு தறி அறையைக் கூட்டுவது பெரிய செலவல்ல.

பட்டுப் பூங்கா என்ற யோசனையும் உண்டு. தறிகளை ஒரே வளாகத்துக்குக் கொண்டுபோனால் வீட்டில் இடப் பிரச்சினை தீரும், சம்பளமும் பி.எஃபும் வரும். ஆனால் கைத்தறித் தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். உலையை வைத்துவிட்டு வந்து நாலு இழை ஓட்டலாம் என்பதாலேயே தறியில் இருப்பவர்கள் அவர்கள். வளாகத்துக்குப் போக முடிந்தால் அவர்கள் செய்யாறு பஸ்ஸிலேயே ஏறியிருப்பார்கள்.

ஆலைப் பக்கத்தில், பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகள், 2020இல் மத்திய அரசு அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம், 2024 பட்ஜெட்டில் சொல்லப்பட்ட தொழிலாளர் தங்குமிடங்கள் என்று முயற்சிகள் தொடர்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே குறை தெரிகிறது. ஒற்றை ஆளை மனத்தில் வைத்தே கட்டுகிறார்கள். வடமாநிலத் தொழிலாளர்களைக் கொண்டு பள்ளத்தை நிரப்பலாம் என்பதும் அதே சிந்தனைதான். ஆரணி வீடு தாங்கியதை இனிப் பீகாரிலோ ஒடிசாவிலோ உள்ள ஒரு வீடு தாங்கும். பாரம் இடம் மாறுகிறது, தீர்வதில்லை.

தங்கும் விடுதிகளைவிட வலுவான வழி வாடகைக் குடும்ப வீடுகள். அரசு நிலத்தில் கட்டி, விற்காமல் வாடகைக்கே வைத்து, ஆலை மாறினாலும் வீடு மாறாதபடி தொழிலாளியின் பெயரில் ஒப்பந்தம் போட வேண்டும். கூடவே வேலையை ஊருக்கு அருகில் கொண்டுவருவதும், ஆரணி போன்ற நடுத்தர ஊர்களுக்கு இரயிலைக் கொண்டுவருவதும் வேண்டும். அவையும் வீட்டுக் கொள்கையின் பகுதிதான்.

கூலிப் பேச்சுவார்த்தையில் பட்டு, ஜரிகை, உழைப்பு என மூன்று கணக்கு எழுதுவார்கள். நாலாவதாகக் கூடத்தின் வாடகையையும் எழுத வேண்டும் என்று ஒரு நெசவாளர் சங்கம் கேட்டால் அது நியாயமான கோரிக்கை. சேலை விலை ஏறும். இதுவரை குறைவாக இருந்தது எப்படி என்பதும் அப்போது தெரியும். ஆலைகளோடு அரசு கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் இரண்டு எண்கள் தவறாமல் செய்தியாகின்றன: முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம். அந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தோடு இருக்க வீடு எத்தனை என்ற மூன்றாவது எண்ணையும் அடுத்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிப் பார்க்கலாம்.